சாக்கடைக் கசடே சாக்கடை நீரைச் சுத்தம் செய்வது எப்படி?

நாம் குளித்தும் துவைத்தும் கழித்த ஜலம் மீண்டும் தெளிவதற்கு, அதன் அடியில் படியும் கசடே முக்கிய சாதனம் என்றால் நம்புவீர்களா?

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்னும் ரசாயன நிபுணர்கள் சாக்கடை நீரினுள் இடைவிடாது காற்றைச் செலுத்தியபோது, அது சுத்தமாக ஏறக்குறைய 5 வாரங்கள் பிடித்தன. பிறர் வீணென்று கொட்டிவிடும் கசட்டை அவர்கள் பத்திரப்படுத்தி, மேல்நீரை மட்டும் வடித்து, புதுச் சாக்கடை நீரை அதன்மேல் மீண்டும் மீண்டும் ஊற்றிப் பரிசோதித்துவர, அக்காலம் ஒரு நாளைக்குள் சுருங்கிற்று. 1914-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

காரணம் என்ன? நேற்றைய தயிரில் சிறிது எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறீர்கள் அல்லவா? அவ்வாறே கசட்டில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், பிராணவாயு கிடைத்ததும் புதுநீரின் அழுக்கை ஆகாரமாக உண்டு பெருகி, திரண்டு அடியில் படிகின்றன.

ஆனால் எல்லா அழுக்கையும் இந்த நுண்ணுயிர்கள் உண்பதில்லை; சாயப்பட்டறைக் கழிவில் கரைந்துள்ள உப்பு அப்படிப்பட்டது. அதற்கு வேறு உபாயம் வேண்டும்.