நாற்காலிக்குள் ஒளிந்திருந்த தடயம்

மாணவர்களே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஹென்றி ஃபோர்டு அரும்பொருளகம் 1970களில் ஒரு நாற்காலியை 9,000 டாலருக்கு வாங்கியது. கடைந்தெடுத்த மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் கனமான நாற்காலி அது. 1620-ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய வில்லியம் புரூஸ்டரின் பெயரால் அறியப்படும் அரிய வகையைச் சேர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று நிபுணர்கள் நம்பினார்கள்.

1977-இல் குட்டு வெளிப்பட்டது. ஆர்மண்ட் லாமொன்டேன் என்ற சிற்பி அதை 1969-இல் தம் கையாலேயே செய்திருந்தார்! நிபுணர்களை ஏமாற்றிக் காட்ட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். புது மரத்தை அடித்து, தேய்த்து, கறைப்படுத்தி, சில பாகங்களை வேண்டுமென்றே நீக்கி முதுமையை வரவழைத்திருந்தார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளேயிருந்த தடயம் தெரிந்தது. தூண்களைச் செருகுவதற்கு மரத்தில் துளையிட வேண்டும் அல்லவா? அந்தக் காலத் தச்சரின் கருவிக்குக் கரண்டி போன்ற முனை. அது துளையின் அடியை உருண்டையாக விடும். நவீனக் கருவியோ கூரான அடையாளத்தைப் பதிக்கும். இந்த நாற்காலியில் இருந்தவை நவீனக் கருவி போட்ட துளைகள்.

முழுப் போலியையாவது இப்படிப் பிடித்துவிடலாம். பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும் தளவாடம்தான் உண்மையான தலைவலி. ஒரு பழைய மேசையின் கால்கள்மீது வேறொரு பலகையைப் பொருத்தியிருப்பார்கள். உயரமான அலமாரியை இரண்டாக வெட்டியிருப்பார்கள். மரத்துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. கார்பன் ஆய்வும் வளர்ச்சி வளையக் கணக்கும் மரம் எப்போது வளர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். இடிந்த வீட்டின் 300 ஆண்டு உத்திரத்தை நேற்று அறுத்து மேசை செய்தாலும், ஆய்வின் விடை '300 ஆண்டு' என்றே வரும். மரத்தின் வயது வேறு, தச்சு வேலையின் வயது வேறு.

வேலையின் வயதைச் சொல்பவை சின்னச் சின்ன அடையாளங்கள். எனக்கு மிகவும் பிடித்தது பூச்சி விட்டுச்சென்ற சாட்சி. மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு உள்ளுக்குள்ளேயே சுரங்கம் தோண்டி வாழும். வளர்ந்த வண்டு வெளியேறும்போது மேற்பரப்பில் 2 மில்லிமீட்டர் அளவில் வட்டமான ஓட்டை மட்டுமே விழும். அப்படியென்றால், பலகையின் மேற்பரப்பில் நீளமான வாய்க்கால் போல் சுரங்கம் திறந்து கிடந்தால் என்ன பொருள்? பூச்சி அரித்த பிறகு யாரோ அந்தப் பலகையை அறுத்திருக்கிறார்கள் அல்லது இழைத்திருக்கிறார்கள்!

மரம் சுருங்குவதும் நமக்கு உதவும். காயும்போது அது நார்களின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் வட்டமாகச் செய்த பழைய மேசைப் பலகை காலப்போக்கில் சற்றே முட்டை வடிவமாகிவிடும். இரு திசைகளிலும் விட்டத்தை அளந்து பாருங்கள். மிகப் பழையது என்று சொல்லப்படும் பலகை துல்லியமான வட்டமாக இருந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்து ரம்பத்தின் கீறல்கள். கையால் அறுத்த பலகையில் அவை நேராகவும் ஒழுங்கற்றும் இருக்கும். வில் போல வளைந்திருந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. 19-ஆம் நூற்றாண்டில்தான் அது பரவலானது. திருகாணிகளும் அப்படித்தான். கையால் செய்த பழைய திருகாணியின் முனை மழுங்கலாக இருக்கும். கூர்முனைத் திருகாணிகள் 1840களுக்குப் பிறகே பெருகின. சிலுவைக் குறி போட்ட தலை 1930களில் வந்தது.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 1750-இல் செய்த பெட்டியில் 1950-இல் ஒருவர் புதுத் திருகாணி போட்டிருக்கலாம். அது மோசடி அல்ல, பழுதுபார்ப்பு. திருகாணியைவிட அது இருக்கும் துளை நேர்மையான சாட்சி. ஓக் மரத்தில் இரும்பு நெடுங்காலம் இருந்தால், மரத்திலுள்ள டானினோடு வினைபுரிந்து கருநீலக் கறை படியும். கறை இருக்கிறது, ஆணி இல்லை என்றால் அங்கே முன்பு வேறொன்று இருந்திருக்கிறது. இழுப்பறையின் கைப்பிடி வெளியே ஒரு துளையில் நிற்க, உள்பக்கம் அடைக்கப்பட்ட இரண்டு பழைய துளைகள் தெரிந்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கிறது.

வீட்டில் தாத்தா காலத்து அலமாரி இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, ஓர் இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறல்களின் நிழல் தெளிவாக விழும். புது வார்னிஷ் பூசலாம் என்று யாராவது உப்புத்தாளோடு வந்தால் மட்டும் கொஞ்சம் தடுத்து வையுங்கள். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்த்த பிறகு அந்தக் கீறல்கள் திரும்ப வராது.

அந்தப் போலி நாற்காலியை ஹென்றி ஃபோர்டு அரும்பொருளகம் தூக்கி எறியவில்லை. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க அதையே வைத்துக்கொண்டது.