குளிரில் இறுகிய வளையம்

1986ஆம் ஆண்டு தை மாதம் 28ஆம் திகதி காலை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து சலஞ்சர் என்னும் விண்ணோடம் ஏழு பேருடன் புறப்பட்டது. அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மக்கோலிஃப் என்னும் பாடசாலை ஆசிரியை. விண்ணிலிருந்து பாடம் நடத்துவதற்கென, விண்ணப்பித்த பல்லாயிரம் ஆசிரியர்களுள் தெரிவுசெய்யப்பட்டவர் அவர். மாணவர் பலர் வகுப்பறைத் தொலைக்காட்சியின் முன் ஆவலோடு அமர்ந்திருந்தனர். புறப்பட்ட 73ஆவது செக்கனில் விண்ணோடம் வானிலே சிதறியது. எழுவரும் உயிரிழந்தனர்.

காரணம் யாது? விண்ணோடத்தை உந்திச் செல்லும் இரு பெரும் றொக்கெற்றுகளும் துண்டுதுண்டாகச் செய்யப்பட்டுப் பின்னர் பொருத்தப்பட்டவை. பொருத்துகளினூடாக நெருப்பு வாயு கசியாதிருக்க, ஒவ்வொன்றிலும் இரண்டு றப்பர் வளையங்கள் இருந்தன. எரிபொருள் பற்றியதும் அமுக்கத்தால் பொருத்தின் இடைவெளி சற்று விரியும். அக்கணமே றப்பர் விரிந்து அதனை அடைத்தல் வேண்டும். ஆனால் குளிரில் றப்பர் இறுகிவிடும். அன்று காலை வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ். வலப்புற றொக்கெற்றின் பொருத்தொன்றிலிருந்து கசிந்த தீ, அருகிலிருந்த பெரும் எரிபொருட் தாங்கியைத் துளைத்தது.

இதனை எவரும் அறிந்திருக்கவில்லையா? அறிந்திருந்தனர் என்பதே வேதனை. வளையங்கள் அரிக்கப்பட்டமை 1981இலேயே காணப்பட்டது. 1985 தையில், 12 பாகைக் குளிரில் ஏவப்பட்டபோது வாயு முதல் வளையத்தைக் கடந்திருந்தது. சலஞ்சர் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், றொக்கெற்றைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள், 12 பாகைக்குக் குறைந்த குளிரில் ஏவலாகாது என வாதாடினர். ஆயினும் அந்நிறுவனத்தின் நிர்வாகிகள், பொறியியலாளரை ஒதுக்கி, தாமே முடிவெடுத்து இசைவளித்தனர். ஏவுவதற்கு இறுதி அனுமதி வழங்கிய மேலதிகாரிகளுக்கு அந்த வாதம் எட்டவேயில்லை.

பின்னர் நடந்த விசாரணையில் இயற்பியல் அறிஞர் றிச்சர்ட் ஃபைன்மன், அந்த றப்பர்த் துண்டொன்றை இறுக்கிப் பிடித்துப் பனிக்கட்டி நீரில் இட்டார். எடுத்து விடுவித்தபோது அது உடனே பழைய நிலைக்கு மீளவில்லை. ஒரு குவளை நீரால் உண்மை விளங்கிற்று.

பாடம் கற்கப்பட்டதா? 2003 தையில் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடச்சிறகைத் தாக்கியது. சிறகைப் படம்பிடித்துப் பார்க்கும்படி பொறியியலாளர்கள் கேட்டனர், அது நடைபெறவில்லை. நுரை முன்பும் பலமுறை விழுந்ததுதானே என்று எண்ணினர். மாசி 1ஆம் திகதி பூமிக்குத் திரும்புகையில் விண்ணோடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர்.

பலமுறை தப்பிய ஆபத்து நாளடைவில் பாதுகாப்பெனத் தோன்றிவிடுகிறது. இருமுறையும் நேர்ந்தது இதுவே.

ஊரில் ஆசிரியனாக இருந்த நாட்களில், குறுக்கே கேள்வி கேட்ட மாணவரை "இரு, பேசாதே" என்று நானும் அதட்டியதுண்டு. இன்று அதனை எண்ணி நாணுகிறேன். அன்பான மாணவர்களே, பிழை கண்டால் பணிவோடு, ஆனால் அஞ்சாது சொல்லுங்கள். பெற்றோரே, ஆசிரியரே, அச்சொல் செவிக்கு இனிதாயில்லாவிடினும் கேட்போம். சொல்லத் துணிவோர் இருந்தும் கேட்பாரின்மையால் அன்று ஏழு உயிர்கள் போயின.