குலை நோயும் இறால் ஓடும்

நெல் இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்த பிறகுதான் பலர் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். குலை நோய்ப் பூஞ்சாணம் இலைக்குள் புகுந்து அதற்குள் சில நாட்கள் ஆகியிருக்கும்.

பயிரும் அதுவரை சும்மா இருப்பதில்லை. பூஞ்சாணத்தின் செல் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. சர்க்கரை வகை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள் அது; இறால், நண்டு ஓட்டில் இருப்பதும் அதுவே. நெற்பயிரின் நொதிகள் அந்தச் சுவரை அரிக்கும்போது உதிரும் துண்டுகளைப் பயிர்ச் செல்லின் மேலுள்ள ஒரு புரதம் பிடித்துக்கொள்ளும். ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. துண்டு கிடைத்ததும் தற்காப்பு தொடங்கிவிடும். பூஞ்சாணத்தை ஒடுக்கும் பொருட்கள் சுரக்கும்.

குலை நோய்ப் பூஞ்சாணமும் லேசுப்பட்டதல்ல. அந்தத் துண்டுகளைப் பயிர் கண்டுகொள்ளாதபடி தானே ஒரு புரதத்தை விட்டு மறைத்துவிடும். அதனால்தான் பயிரை முன்கூட்டியே உஷார்படுத்த வேண்டியிருக்கிறது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இதற்குத்தான். பனியும் குளிரும் தொடங்கும்போதே தெளிக்க வேண்டும். புள்ளி பரவிய வயலில் தெளித்தால் காசுதான் வீண். வீட்டுச் சர்க்கரைக் கரைசல் இதற்கு ஈடாகாது.

யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் கைட்டோசானை மட்டும் நம்பக் கூடாது. விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்வதை முதலில் செய்யலாம். அந்தப் பாக்டீரியாவும் பயிரின் தற்காப்பைத் தூண்டும், செலவும் குறைவு.