இரும்பைப் பூட்டி வைக்கும் புரதப் பந்து

சுங்கை பூலோவில் நீங்கள் நான்காம் படிவம் படிப்பவரானால், தலசீமியா பரிசோதனைக்கான ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்திருக்கும். 2016 முதல் நம் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நான்காம் படிவ மாணவர்களுக்கு இதை நடத்திவருகிறது. ஊசிக்குப் பயந்து படிவத்தைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்!

தலசீமியா பரம்பரை நோய். சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒரு பை ரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடலோ ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராமைத்தான் இழக்கிறது. மிச்சம் எங்கே போகும்?

உயிரணுவுக்குள் இரும்பு தனியாகத் திரிந்தால் ஆபத்து. அங்கு உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் அது வினைபுரிந்து, சவ்வையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். அதனால் இரும்புக்குக் காவல் போட உடலில் தனிப் புரதங்கள் உள்ளன. ரத்தத்தில் அதைச் சுமப்பது டிரான்ஸ்ஃபெரின். ஒரு பயணத்துக்கு இரண்டே அணுக்கள். சேமித்து வைப்பது ஃபெரிட்டின். 24 புரதத் துண்டுகள் சேர்ந்த உள்ளீடற்ற பந்து இது. ஒரு பந்துக்குள் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் அடங்கும். உள்ளே இரும்பு கிட்டத்தட்ட துருவாக மாறிக் கிடக்கிறது. கூரைத் தகரத்தைத் தின்னும் அதே துரு இங்கே பாதுகாப்பு!

தொடர்ந்து ரத்தம் ஏறும்போது டிரான்ஸ்ஃபெரினில் இடம் நிரம்பிவிடும். தப்பிய இரும்பு இதயம், கணையம், ஹார்மோன் சுரப்பிகளில் படியும். நீரிழிவு வரலாம், வளர்ச்சி தடைப்படலாம், இதயம் செயலிழக்கலாம்.

இதற்கு மருந்து தந்தது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பைலோசஸ் என்ற அந்தப் பாக்டீரியா இரும்பைக் கவர்ந்திழுக்கச் சுரக்கும் பொருளிலிருந்து வந்ததே டெஃபெராக்சமின். சிறு பம்பு மூலம் தோலுக்கடியில் 8 முதல் 12 மணி நேரம் ஏற்றுவார்கள், பெரும்பாலும் தூங்கும்போது. இன்று மாத்திரைகளும் உண்டு.

நோயின் மரபணுவைச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். ஆனால் ஒரே வகைத் தலசீமியாவைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இன்னொன்றும் கவனியுங்கள்: சுமப்பவரின் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும், இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படித்தான். எனவே ‘ரத்தம் கம்மி’ என்றதும் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காமல், ஃபெரிட்டின் அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.