ஏற்றிய சுமை சரிதானா?

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் உள்ள பெம்பான் வட்டாரத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் அன்றாடக் காட்சியாகும். தோட்டத்து மண்பாதையிலிருந்து ஒரு டிராக்டர் மெல்லச் சாலைக்கு வருகிறது. அதன் பின்னே, குலைகள் குவிந்த டிரெய்லர் ஆடி அசைந்து வருகிறது. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவர் ஒருவர், முந்திச் செல்ல வழி கிடைக்கும்வரை அந்தக் குவியலின் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். அந்நேரத்தில் அவரது பாதுகாப்பு, காலையில் அந்த டிரெய்லரில் சுமை ஏற்றியவரின் கணிப்பைப் பொறுத்தே அமைகிறது.

அந்தக் கணிப்பை எவ்வாறு செய்வது?

சரக்கு லாரிகளின் பக்கவாட்டில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, 'பெராட் தன்பா முவாத்தான்'. அதாவது, வெறும் வண்டியின் எடை. மற்றொன்று, 'பெராட் டெங்கான் முவாத்தான்'. அதாவது, சுமையோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. மலாயில் இவற்றை மூன்றெழுத்துகளில் சுருக்கி எழுதுவர். தமிழில் அவ்வாறு சுருக்கினால் இரண்டும் 'பி.டி.எம்.' ஆகிக் குழப்பம் விளையும் என்பதால் முழுப்பெயரையே சொல்வோம். இரண்டாவது எடையிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றக்கூடிய சுமை. டிரெய்லருக்கும் கணக்கு இதுதான். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கும் ஜேபிஜே அதிகாரிகள், சாலையில் லாரிகளை நிறுத்தி எடை பார்ப்பதும் இதற்காகவே.

கணக்கு எளிது. ஆனால், தோட்டத்தில் தராசு எங்கே இருக்கிறது? எண்ணெய் ஆலையின் நுழைவாயிலில் இருக்கிறது! உள்ளே செல்லும்போது சுமையோடும், வெளியே வரும்போது வெறுமையாகவும் வண்டியை நிறுத்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்கிறார்கள். சுமை அதிகம் என்று அங்கே தெரிய வந்து என்ன பயன்? ஆபத்தான சாலைப் பயணம் அதற்குள் முடிந்துவிட்டதே.

எனவே, புறப்படும் முன்பே எடையைக் கணிக்க வேண்டும். குவியலின் உயரத்தைப் பார்த்துக் கணிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு டிரெய்லரில் 3,500 கிலோகிராம் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். இளமரங்களின் குலை ஒன்று சராசரியாக 10 கிலோகிராம் இருந்தால், 250 குலைகளின் எடை 2,500 கிலோகிராம். கவலை இல்லை. முதிர்ந்த மரங்களின் குலை 20 கிலோகிராம் இருந்தால், அதே 250 குலைகள் 5,000 கிலோகிராம் ஆகிவிடும். நேற்றுபோலவே இன்றும் 250 என்று எண்ணி ஏற்றியவர், தம்மையறியாமல் 1,500 கிலோகிராம் கூடுதலாக ஏற்றிவிட்டார். எந்த நிலத்தில் வெட்டிய குலை, அதன் சராசரி எடை என்ன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மென்மையான மயிற்பீலியைக்கூட அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று 'வலியறிதல்' அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறுகிறார். பீலிக்கே அந்த நிலை என்றால், செம்பனைக் குலைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அறியாமல் ஏற்றுவோர் சிலர். அவசரத்தில் ஏற்றுவோர் பலர். வெட்டிய குலைகளை ஏறத்தாழ 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் கூடி, எண்ணெயின் தரம் குறையும். இரண்டு நடையில் கொண்டு போக வேண்டியதை ஒரே நடையில் முடிக்கத் தோன்றுவது இதனால்தான்.

மொத்த எடை சரியாக இருந்தாலும், சுமை அமரும் இடம் தவறானால் ஆபத்து நீங்காது. ஓர் அச்சு மட்டுமே உள்ள டிரெய்லர் ஏற்றப்பலகை போன்றது. அச்சுதான் அதன் நடுத்தாங்கி. அச்சுக்கும் டிராக்டரின் இணைப்புக் கொக்கிக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்று கொள்வோம். அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 300 கிலோகிராம் குலைகளை வைத்தால், அவை கொக்கியை 100 கிலோகிராம் அளவுக்கு மேல்நோக்கித் தூக்கும். அதே குலைகளை 1 மீட்டர் முன்னால் வைத்தால், கொக்கியை அதே அளவுக்குக் கீழே அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்க முடியாது; ஈரமான மண்ணில் அவை வழுக்கும். வேகமாகச் செல்லும் மகிழுந்து இழுக்கும் டிரெய்லராக இருந்தால், அது பாம்புபோல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆகவே, கொக்கியின் மீது அளவான அழுத்தம் இருக்குமாறு பாரத்தைச் சற்று முன்தள்ளி அடுக்குவர். மகிழுந்து இழுக்கும் சிறு டிரெய்லர்களில் அது மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு இருக்கலாம். வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: இழுகம்பி முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? டயர் பிதுங்கியிருக்கிறதா? அப்படியென்றால் சில குலைகளை இறக்கத்தான் வேண்டும்.

கூடுதல் சுமையின் விளைவு இறக்கத்தில்தான் முழுமையாகத் தெரியும். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினாலும், பின்னாலிருக்கும் பாரம் வண்டியை முன்னோக்கித் தள்ளும். 2025 மே 13-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில், கல் ஏற்றிச் சென்ற லாரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசாரின் லாரியோடு மோதியதில் 9 போலீசார் உயிரிழந்தனர். விசாரித்த குழு, லாரியின் திசைமாற்றிப் பழுதோடு, அளவுக்கு மீறிய சுமையையும் சுட்டிக்காட்டியது.

இனி, கட்டும் முறை. குலைகளின் மேல் வலை போர்த்தியிருக்க வேண்டும். ஓர் உதிரிப் பழம் சாலையில் விழுந்து நசுங்கினால், அந்த எண்ணெய்ப் பசையே மோட்டார் சைக்கிளைச் சறுக்கிவிடப் போதும். இணைப்பு ஆணியில் பூட்டூசி மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஆணி கழன்றாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதபடி சங்கிலியும் வேண்டும். பின்விளக்குகளைச் சேறு மறைத்திருந்தால் துடைத்துவிட வேண்டும். சுமையின் மேல் ஆட்கள் ஏறி அமர்ந்து வருவது முன்பு தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. குலை உருண்டால் அவர்களும் உருள்வார்கள் என்பதைச் சொல்லியும் கேளாதவர் இன்றும் உண்டு.

அனுபவமுள்ள ஓட்டுநர்கள் தார்ச்சாலையில் ஏறுமுன் வண்டியை ஓரமாக நிறுத்தி, மறுபடியும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். மண்பாதையின் குலுக்கலில் குலைகள் கீழே அமர்ந்துவிடும். காலையில் இறுகக் கட்டிய கயிறு அப்போது தளர்ந்து தொங்கும்.