கைக்குழந்தைக்கும் விலாசம் வேண்டும்!

மும்பை தாதரிலிருந்து புதுச்சேரி வண்டி புறப்படும் நாட்களில் முன்பதிவில்லாத பெட்டிக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். அதில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருப்பார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவர்கள் மட்டுமல்ல. மேம்பாலத்தின் கீழும் நடைபாதையிலும் தார்ப்பாய் கட்டிக் குடியிருப்பவர்களும் உண்டு. பிள்ளை பெற நாலு சுவர் வேண்டுமே என்று ஊருக்குப் போகிறார்கள். சில மாதம் கழித்துக் குழந்தையோடு அதே நடைபாதைக்குத் திரும்பி விடுகிறார்கள்.

அப்படித் திரும்பியவர்களில் விழுப்புரம் மாவட்டத்துப் பெண் ஒருத்தி. கணவனுக்குக் கட்டட வேலை. இவள் பூக்கட்டி விற்கிறாள்.

"மூவாயிரம் வந்துச்சு அக்கா. மிச்சம் ரெண்டாயிரம் வரலியே!" என்று பக்கத்துச் சந்தில் தையல் மிஷின் வைத்திருக்கும் அம்மாளிடம் முறையிட்டாள். அந்த அம்மாளுக்கு மராத்தி படிக்கத் தெரியும். அதனால் அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பெண்களின் பாரங்களெல்லாம் அவரிடம்தான் வருகின்றன.

இது மத்திய அரசின் 'பிரதான் மந்திரி மாத்ரு வந்தனா' திட்டப் பணம். 2017-ல் தொடங்கியது. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். கர்ப்பத்தை அங்கன்வாடியில் பதிந்து பரிசோதனையும் செய்து கொண்டால் 3,000. பிறப்பைப் பதிந்து முதல் சுற்றுத் தடுப்பூசிகள் போட்டதும் 2,000. இரண்டாவது குழந்தை பெண்ணானால் 6,000 ரூபாய் ஒரே தவணையில் கிடைக்கும். 2022 முதல் இதுதான் முறை. தாயின் பெயரில் ஆதாருடன் இணைந்த பாங்குக் கணக்கு இருக்க வேண்டும். கணவனின் ஆதார் கட்டாயமில்லை என்று மாற்றியது நல்ல காரியம். விட்டுப் போன கணவனைத் தேடிப் பிடித்து அட்டை வாங்குவது யாரால் ஆகும்?

2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றிருக்கிறது. திட்டமாக வந்தபோது அது முதல் குழந்தைக்கு 5,000 ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கான தனி உதவியையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்கிறது சர்க்கார். ஏழைப் பெண்களுக்கு மும்பையில் அந்த உதவி 600 ரூபாய். கூட்டிப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது.

இரண்டு ஊர், ஒரு அட்டை

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். பூக்காரப் பெண் அங்கே பதிய வேண்டியதை இங்கே பதிந்தாள். இங்கே காட்ட வேண்டிய தடுப்பூசி அட்டையை அங்கே தாய்வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள். அட்டையைக் காட்டினால் வேறு ஊர் அங்கன்வாடியிலும் மீதித் தவணைக்கு மனுச் செய்யலாம் என்பது விதி. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாயிரம் என்ன பெரிய தொகை என்று வீட்டில் இருப்பவர்கள் நினைக்கலாம். நடைபாதையில் தண்ணீர் காசு, கழிப்பறை காசு, குளிக்கக் காசு. பிள்ளைத்தாய்ச்சி நாலைந்து முறை போய்வந்தால் அன்றைய பூ வியாபாரத்தில் பாதி அதற்கே சரி.

ஆதாரே இல்லாதவர்களுக்கு இந்தத் திட்டமே எட்டாக்கனி. விலாசச் சான்றாக எம்.எல்.ஏ.வோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்ட கடிதத்தை ஏற்பார்கள்தான். மேம்பாலத்தின் பதினோராவது தூண் என்று எழுதிக் கையெழுத்துப் போட யார் முன்வருவார்? 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவு விடுதி வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியும், குடும்பத்தோடு தங்கும் இடம் மும்பையில் கிடைப்பது அரிது.

மும்பைத் தமிழருக்கு இது புதிய கதையல்ல. 1981 ஜூலை மழையில் நடைபாதைக் குடிசைகளைப் பிய்த்தெறிந்து, குடும்பங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஓல்கா டெல்லிஸ் வழக்கின் மனுதாரர்களில் சேலத்துத் தொழிலாளி ஒருவரும் உண்டு. ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே வந்தார் அவர். பிழைப்புரிமையும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் நடைபாதையை நிரந்தரமாகப் பிடித்துக் கொள்ள உரிமையில்லை என்றது அதே தீர்ப்பு.

பூக்காரப் பெண்ணின் அட்டை போன வாரம் ஊர்க்காரர் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. அங்கன்வாடி சேவிகா வாங்கிப் பார்த்தார். பாங்கில் கணவன் பெயரோடு நீளமாக, அட்டையில் தகப்பன் இனிஷியலோடு சுருக்கமாக இருக்கிறது பெயர். இங்கே 'சர்நேம்' இல்லாத பெயரைக் கண்டால் குமாஸ்தாக்கள் கையைப் பிசைவார்கள். பெயரைத் திருத்தி வரச் சொல்லியிருக்கிறார் சேவிகா. தையல்கார அம்மாள் திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போகிறார். குழந்தைக்கு ஏழாம் மாதம் நடக்கிறது.