நடுங்கும் கைக்கு உதவும் மின்சாரப் பல் பிரஷ்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர்ப் பெரியவர்களைக் கேட்டால், ஆலங்குச்சி, வேப்பங்குச்சியின் பெருமையைச் சொல்வார்கள். ஆனால் குச்சியோ பிரஷ்ஷோ, எதுவாயினும் அதை ஆட்டக் கை வேண்டும். அந்தக் கையே நடுங்கினால்? விரல்கள் மடங்க மறுத்தால்?

அத்தகைய நோயாளிகளை எண்ணி 1954-ல் ஸ்விட்சர்லாந்தில் டாக்டர் பிலிப் வூக் என்பவர் செய்த கருவிதான் 'பிராக்ஸோடென்ட்' என்னும் மின்சாரப் பல் பிரஷ். அதைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி ஓட்ட வேண்டும். தண்ணீர் புழங்கும் இடத்தில் இது ஆபத்தல்லவா? 1961-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, கம்பி இல்லாமல் பாட்டரியில் ஓடும் பிரஷ்ஷை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

உள்ளே இருப்பது என்ன?

கைப்பிடிக்குள் ஒரு பாட்டரியும் சிறு மோட்டாரும் இருக்கின்றன. மோட்டார் ஒரே திசையில் சுழலும். பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை, இப்படியும் அப்படியும் திரும்பும் அசைவாக மாற்றிப் பிரஷ்ஷின் தலைக்கு அனுப்புகின்றன.

1992-ல் வந்த 'சோனிகேர்' ரகத்தின் வழி வேறு. கம்பிச்சுருளில் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுகிறது. அதனால் காந்தம் இப்புறமும் அப்புறமும் இழுபட, பிரஷ் அதிர்கிறது. எத்தனை வேகம் தெரியுமா? நிமிஷத்துக்கு ஏறக்குறைய 31,000 அசைவு!

தொடாமல் பாயும் மின்சாரம்

பல ரகங்களில் கைப்பிடியின் வெளியே உலோக முனையே கிடையாது. தண்ணீர் புகாதபடி மூடியிருக்கும். ஆயினும் தாங்கியில் நிறுத்தி வைத்தால் பாட்டரி சார்ஜ் ஆகிவிடும். இது மாயமல்ல, தெருவோரம் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் தத்துவமே. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்தது. தாங்கியிலுள்ள கம்பிச்சுருளில் மாறுமின்சாரம் ஓடும்போது, சுற்றிலும் காந்த சக்தி மாறிக்கொண்டே இருக்கிறது. அது கைப்பிடியின் அடியிலுள்ள மற்றொரு சுருளில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது.

பலன் உண்டா?

காக்ரேன் என்னும் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு 2014-ல் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மூன்று மாதங்களுக்கு மேல் மின்சாரப் பிரஷ்ஷை உபயோகித்தவர்களுக்கு, சாதாரணப் பிரஷ்ஷால் துலக்கியவர்களைவிடப் பல்லில் படியும் அழுக்கு 21 சதவீதமும், ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைந்திருந்தன.

ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. பழைய பழக்கத்தில், இதையும் பல்லில் வைத்து அழுத்தித் தேய்க்கிறார்கள். இதனால் ஈறு புண்ணாகும். ஒவ்வொரு பல்லாகப் பிரஷ்ஷை மெல்ல நகர்த்தினாலே போதும். தேய்க்கும் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். மொத்தம் இரண்டு நிமிஷம் துலக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலையை மாற்ற வேண்டும்.

கை நன்றாக இயங்கி, பொறுமையாகத் துலக்குகிறவர்களுக்குச் சாதாரணப் பிரஷ்ஷே போதும். கை ஒத்துழைக்காத பாட்டனுக்கும் பாட்டிக்கும், பிறர் உதவியை எதிர்பாராமல் தாமே வாய் கழுவும் சுதந்திரத்தை இந்தச் சிறு மோட்டார் தருகிறது. அதன் உண்மையான மதிப்பு இதுதான்.